முள்ளங்கிக்காரி தகிய்யா

தகிய்யாவின் முகம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது. முப்பத்தோரு வருஷம் பக்கத்து வீடு. அவளுடைய கைகளைத் தெரியும், துப்பட்டியில் இருக்கும் சிவப்புப் பூக்களைத் தெரியும், குரலைத் தெரியும். முகத்தைப் பார்த்ததில்லை, பார்ப்பது மரியாதையும் இல்லை. ஆனால் அந்தக் குரல் இருக்கிறதே, அது பத்து முகத்துக்குச் சமம். விடிந்ததும் தோட்டத்தில் நின்று அவள் ஒரு தடவை கனைத்தால், நாலு மாடி உயரத்தில் தூங்குகிற நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

எங்கள் இரண்டு வீடுகளும் ஒட்டிப் பிறந்தவை. அப்பாவின் தாத்தா கட்டியது. கீழே கருங்கல், மேலே செங்கல்லும் மண்ணும், ஆறு மாடி, நடுவில் இரண்டுக்கும் பொதுவாக ஒரே சுவர். ஒரு பாதி அப்பாவுக்கு வந்தது, இன்னொரு பாதி சித்தப்பாவுக்கு. ஒரு கழுதை விஷயமாக அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்தது. சித்தப்பா வேண்டுமென்றே தன் பாதியை நாஜி என்கிற ஒரு முள்ளங்கிக்காரனுக்கு விற்றுவிட்டு ஊரைவிட்டே போனார். நாஜியின் மனைவிதான் தகிய்யா.

எங்கள் ஸனாவில் பள்ளிவாசலுக்குப் பள்ளிவாசல் பின்னால் ஒரு தோட்டம் இருக்கும். தொழ வருகிறவர்கள் கைகால் கழுவிய தண்ணீர் ஓடிப்போய் அங்கே பாயும். அதில் விளைகிற முள்ளங்கியும் வெங்காயத்தாளும் இல்லாமல் ஊரில் ஒருத்தனுக்கும் மத்தியானச் சாப்பாடு இறங்காது. ஆனால் அதை வளர்க்கிறவன் வீட்டில் எவனும் பெண் எடுக்க மாட்டான், பெண் கொடுக்கவும் மாட்டான். தின்பதற்கு வாய் உண்டு, சம்பந்தம் பேச வாய் கிடையாது. எங்களுடையதோ வழக்குக்குத் தீர்ப்புச் சொல்கிற காஜிகள் பரம்பரை. நான் உப்புச் சந்தையில் உலர்ந்த திராட்சை விற்கிறேன் என்பது வேறு விஷயம்.

அப்பா சாகும்வரை அந்த வீட்டுப் பக்கம் திரும்பி ஸலாம் சொல்லவில்லை. தகிய்யா அதைப் பொருட்படுத்தியதாகவும் தெரியவில்லை. தினமும் மத்தியானம் லுஹர் பாங்குக்கு முன்னால் ஒரு கட்டு முள்ளங்கியைக் கழுவி எங்கள் வாசற்படியில் வைத்துவிட்டுப் போவாள். அதைத் தெருவில் எறியச் சொல்லி அப்பாவின் உத்தரவு. அம்மா சரி சரி என்று எடுத்துக்கொண்டு போய், சந்தையில் வாங்கியதாகச் சொல்லி அவர் தட்டிலேயே வைப்பாள். அப்பா கடித்துப் பார்த்து, சந்தைச் சரக்கு என்றால் இதுதான் சரக்கு, அந்தத் தகிய்யா பயிர் செய்கிறாளே, அதைக் கழுதைகூட முகராது என்பார். இப்படியே பதினெட்டு வருஷம் தின்றார், பாவம். நல்ல மனிதர்தான், திமிர் மட்டும் கொஞ்சம் அதிகம். அந்தத் திமிரில் பாதி எனக்கும் வந்திருக்கிறது.

நாஜி ஜித்தாவில் பதினாறு வருஷம் கட்டட வேலையில் சிமெண்டு குழைத்து, அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு அது. வீட்டுக்கு வந்து மூன்று வருஷம்கூட இருக்கவில்லை. நெஞ்சு முழுக்கத் தூசி, இருமி இருமியே போய்ச் சேர்ந்தான். ஒரே மகளை இப் என்கிற ஊரில் கட்டிக் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகு தகிய்யாவுக்கு ஆறு மாடி வீடும் ஒன்பது பாத்தித் தோட்டமும்தான் பிள்ளைகள். வீட்டைப் பார்த்துக்கொண்டதைப் போல யாரும் பிள்ளையைக்கூடப் பார்த்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு மழைக்கும் கூரைக்கு ஓடுவாள், வெடித்த இடத்தில் வைக்கோல் கலந்த மண்ணை அப்புவாள், காலால் மிதித்து இறுக்குவாள். போருக்கு முன்னால் வெளிநாட்டுக்காரர்கள் கேமராவும் கையுமாக வந்துகொண்டிருந்த காலத்தில், நூஹ் நபியின் மகன் ஸாம் அடிக்கல் நாட்டிய ஊர் இது என்று வழிகாட்டி ஒருவன் தோட்டத்து ஓரமாக நின்று முழங்கிக்கொண்டிருந்தான். தகிய்யா பாத்தியிலிருந்து நிமிர்ந்தாள்.

"அவரு கட்டிட்டுப் போயிட்டாரு ராசா. கூரையைப் பாத்துக்கறது யாரு? சும்மா நிக்கற நேரத்துக்கு ஆளுக்கு ரெண்டு வாளி தண்ணி இறைக்கச் சொல்லு."

இரண்டு பேர் நிஜமாகவே இறைத்தார்கள்.

பிறகு விமானங்கள் வந்தன. ஒரு நாள் விடியற்காலையில் பக்கத்துத் தெருவில் குண்டு விழுந்து, எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பமே போனது. எங்கள் சந்தில் பாதிப் பேர் கிராமத்துக்கும் அம்மான் நகரத்துக்கும் கிளம்பினார்கள். தகிய்யாவின் மகள் இப்பிலிருந்து ஆள் அனுப்பியபோது, முள்ளங்கி பாதி வளர்ந்திருக்கிறது, நடுவில் விட்டுவிட்டு எப்படி வருவது என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாள். துறைமுகம் அடைபட்டு மாவும் எரிவாயுவும் கிடைக்காமல் போன மாதங்களில், எங்கள் சந்தில் பச்சையாக எதையாவது கடித்தோம் என்றால் அது அவள் கொடுத்தது.

அந்தக் குண்டில் என் கூரை விரிசல் விட்டது. மழை பெய்தால் மேல்மாடி அறையில் ஒழுகியது. பழைய முறையில் சுண்ணாம்பை வாரக்கணக்கில் அடித்து இழைத்துப் பூச வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. இரண்டே நாளில் முடிகிற மாதிரி சிமெண்டு பூசச் சொல்லி மேஸ்திரி முஸ்லிஹைக் கூட்டி வந்தேன். மேஸ்திரிக்கே அரை மனசு. தலையைச் சொறிந்துகொண்டு குழைத்தார். தகிய்யா தன் ஜன்னலில் வந்து நின்றாள்.

"பூசாதே, முதஹ்ஹர். மண்ணு மூச்சு விடணும். அதுமேல சிமெண்டைப் பூசறது, நனைஞ்ச புள்ளைக்கு மழைக்கோட்டு மாட்டற மாதிரி. உள்ளேயே ஊறி அழுகிப் போகும்."

"அக்கா, இது என் கூரை."

"கூரை உன்னுது. சுவரு?"

அந்த நேரத்தில் அப்பா என் மேலே வந்து இறங்கினார் என்றுதான் சொல்ல வேண்டும். மேஸ்திரியைப் பார்த்து, முள்ளங்கிக்காரி காஜி வீட்டுக்குக் கூரை போடச் சொல்லித் தருகிறாள் பாருங்கள் என்று சிரித்தேன். அவளுக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன், கேட்டும்விட்டது. ஜன்னல் மூடிக்கொண்டது. அன்று மத்தியானமும் வாசற்படியில் முள்ளங்கிக் கட்டு இருந்தது. அது எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை, எரிச்சலாகத்தான் இருந்தது.

இரண்டு வருஷம் ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மூன்றாவது வருஷம் மழை வந்தது, அப்படி ஒரு மழையை எங்கள் ஊர் பார்த்து நாளாகிவிட்டது. ஊருக்கு நடுவே காய்ந்து கிடக்கிற ஓடையில் கார்கள் மிதந்து போயின. அந்தத் தெருவில் ஒன்று, இந்தத் தெருவில் ஒன்று என்று வீடுகள் உட்கார ஆரம்பித்தன. தகிய்யா என் மனைவி நஜீபாவிடம் இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள், பொதுச் சுவர் தன் அடுப்படிப் பக்கம் வயிறு தள்ளுகிறது, வந்து பார்க்கச் சொல் என்று. மழை நிற்கட்டும், பார்க்கலாம் என்றேன்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் நாங்கள் ஏழு பேர் மேல்மாடி அறையில் காத் இலை மென்றுகொண்டிருந்தோம். மேஸ்திரி முஸ்லிஹும் இருந்தார். வெளியே மழை. முதல் இரண்டு மணி நேரம் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசுவோம், நாட்டை ஒரு வழி பண்ணுவோம். அப்புறம் இலை வேலை செய்ய ஆரம்பித்ததும் பேச்சு தானாக அடங்கும். அதற்கு சுலைமான் நபியின் நேரம் என்று பெயர். அவனவன் தன்னை சுலைமான் என்று நினைத்துக்கொண்டு கன்னம் உப்ப, கண் சொருக உட்கார்ந்திருப்பான். அந்த நேரத்தில் ஒருவன் வாயைத் திறந்தால் அவனை மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். எங்கேயோ மண் சரிகிற சத்தம் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மற்றவர்களுக்கும் கேட்டதாம். ஏழு பேரில் ஒருத்தரும் அசையவில்லை, சுலைமான்கள் இல்லையா.

அப்போதுதான் படிக்கட்டில் அந்தக் குரல் வந்தது.

"அல்லாஹ்... அல்லாஹ்..."

எங்கள் ஊரில் மாடி ஏறுகிற ஆண், படிக்குப் படி அப்படிச் சொல்லிக்கொண்டேதான் ஏற வேண்டும். ஆண் வருகிறான், பெண்கள் உள்ளே போய்க்கொள்ளட்டும் என்பதற்கான அறிவிப்பு. ஒரு பெண் அப்படிச் சொல்லிக்கொண்டு ஏறியதை நான் பார்த்ததும் இல்லை, கேள்விப்பட்டதும் இல்லை. முஸ்லிஹின் வாயிலிருந்த இலை சட்டையில் விழுந்தது. இன்னொருவர் ஒளிந்துகொள்ளத் திரைச்சீலையைப் பிடித்தார், வயது அறுபத்தெட்டு. சிவப்புப் பூத் துப்பட்டி, முழங்கைவரை மாவு, அறை வாசலில் வந்து நின்றாள் தகிய்யா. ஆண்கள் உட்கார்ந்திருக்கிற அறையில்.

"எந்திரிங்க எல்லாரும். என் அடுப்படிச் சுவர்லேருந்து மண்ணு கொட்டுது, மாவுக்குள்ள விழுது. செருப்பைத் தேடாதீங்க. கீழ போங்க."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். இந்த வெட்கக்கேட்டை யார் முதலில் கண்டிப்பது என்றுதான் யோசித்தோம் என்று நினைக்கிறேன். அவள் முஸ்லிஹின் தோளைப் பிடித்துத் தூக்கினாள். அந்நிய ஆணின் தோள். உன் கையால் பூசினதுதானே, முன்னால் நட என்று அவரைப் படிக்கட்டில் தள்ளினாள். அவர் அப்புறம் ஓடிய ஓட்டத்தை இன்றுவரை சந்தையில் நடித்துக் காட்டுகிறார்கள்.

வழியிலேயே நஜீபாவையும் என் மூன்று பிள்ளைகளையும் வெளியே அனுப்பிவிட்டுத்தான் மேலே ஏறியிருக்கிறாள். நாங்கள் வெறுங்காலோடு சந்துக்கு வந்து கொஞ்ச நேரம்தான் இருக்கும். மேல் அறையும் அதற்குக் கீழிருந்த மாடியும் சேர்ந்து பொதுச் சுவர் பக்கமாகச் சரிந்து இறங்கின. இறங்கிய இடம் அவளுடைய அடுப்படி. அடுப்பு, மாவு, வெந்தயம் ஊறவைத்த கிண்ணம், நாஜி ஜித்தாவிலிருந்து கொண்டுவந்த அலமாரி எல்லாம் அடியில். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. சத்தம் அடங்கியதும் அவள் எங்களை எண்ணினாள், பிறகு பிள்ளைகளை எண்ணினாள். உன்னால்தான் என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

இடிந்தது இரண்டு மாடி. கீழே நாலு மாடி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அடுத்த பெரிய மழைக்குள் முட்டுக் கொடுத்துக் கூரை போடாவிட்டால் அதுவும் போய்விடும். என்னிடம் இருந்தது ஆறு மூட்டைத் திராட்சை. ஒரே வழி, பழைய நகரத்து வீடுகளைச் செப்பனிட்டுத் தருகிற ஓர் அமைப்பின் பட்டியல். சனிக்கிழமை பொறியாளர் எங்கள் சந்துக்கு வருகிறார் என்றார்கள். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள். சிமெண்டு பூசி மண் வீட்டைக் கெடுத்தவனுக்குப் பட்டியலில் இடம் கிடையாது, அவன் கெடுத்ததை அவனே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். சிமெண்டால் பாதிக்கப்பட்ட பக்கத்து வீட்டுக்கோ முதல் இடம்.

என் வீட்டு இடிபாட்டின்மேல் கதவு அளவிலும் ரொட்டி அளவிலும் சிமெண்டுப் பாளங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தன. எப்படி மறைப்பது? அதோடு, தகிய்யாவைக் கேட்பார்கள். அவள் பொய் சொல்லி ஊரில் யாரும் கேட்டதில்லை. நிஜத்தைச் சொன்னால் அவளுக்கு முதல் இடம், அதற்கு அவளுக்கு எல்லா நியாயமும் உண்டு. நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மைத்துனன் வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். நஜீபா மட்டும் வெள்ளிக்கிழமை விடிந்ததும் பாத்திரம் பொறுக்கப் போகிறேன் என்று கிளம்பினாள், இருட்டியபின் வந்தாள். பாத்திரம் எங்கே என்று கேட்டேன். நசுங்கிப் போச்சு என்றாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் போனால் எனக்கு முன்னாலேயே பொறியாளர் வந்து நிற்கிறார். இளைஞன், மரியாதையான பையன், கையில் டேப்லெட். சந்து முழுக்கக் கூட்டம். கூரைக்கு எதைப் பூசியிருந்தீர்கள் என்று என்னைக் கேட்டார். காஜிகள் பரம்பரை. நான் குனிந்து தரையைப் பார்த்தேன். அதற்குள் மேலேயிருந்து, அடுப்படி போன மாடிக்கு அடுத்த ஜன்னலிலிருந்து, தகிய்யாவின் குரல்.

"அவனை ஏன் தம்பி கேக்கறீங்க? அவன் தூங்கி ரெண்டு நாளாச்சு, பேரைக் கேட்டாலே தப்பாச் சொல்லுவான். உங்களுக்குக் கண்ணு இருக்கு, கையில மிஷின் இருக்கு. தேடிப் பாருங்க. சிமெண்டு கிடந்தா எழுதிக்கோங்க, நான் குறுக்க பேசல."

இதற்குத்தானா இத்தனை நாள் முள்ளங்கி வைத்தாய் என்று மனசுக்குள் திட்டினேன். இப்போது நினைத்தால் என் நாக்கை நானே கடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. பொறியாளர் இடிபாட்டில் ஏறினார். நானும் பின்னால் ஏறினேன், ஏறித் திகைத்து நின்றேன். நல்ல செங்கல் ஒரு பக்கம் அடுக்கியிருந்தது. உத்திரக் கட்டைகள் ஒரு பக்கம். ஜன்னலின் வண்ணக் கண்ணாடித் துண்டுகள் ஒரு கூடையில். மீதியெல்லாம் மண். நகத்தளவு சிமெண்டு இல்லை. அவர் அரை மணி நேரம் கிளறினார். மண்ணை விரலில் தேய்த்துப் பார்த்தார். பிறகு இரண்டு வீட்டையும் பட்டியலில் ஏற்றிக்கொண்டு, முட்டுக் கொடுக்க ஆட்கள் புதன்கிழமை வருவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அது ஏமாற்று வேலைதான். இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

கூட்டம் கலைந்தது. அவ்வளவு சிமெண்டும் எங்கே போயிருக்கும் என்று எனக்குப் புரியவில்லை. வீட்டின் பின்பக்கமாகச் சுற்றிப் போனேன். தோட்டத்து வேலி ஓரமாக நின்று பார்த்தேன். ஒன்பது பாத்தியில் ஆறு பாத்தி வெட்டிப் புரட்டிக் கிடந்தது. பச்சை என்று ஒன்றும் இல்லை. மூன்று பாத்திதான் மிச்சம், கொத்தமல்லியும் கொஞ்சம் வெங்காயத்தாளும். புரட்டிய மண் மேடாக எழும்பியிருந்தது, ஒரு மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு பாளம் துருத்திக்கொண்டு நின்றது. தகிய்யா அதன்மேல் மண்ணை இழுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கைக்கும் துணி சுற்றியிருந்தது, துணியில் ரத்தம்.

"அக்கா," என்றேன்.

"வந்துட்டியா. இந்த ஒண்ணுதான் பெரிசு, உள்ள போகமாட்டேங்குது. உன் பொஞ்சாதி நல்லாத் தூக்கினா. சந்துப் பொம்பளைங்க எல்லாருமே வந்தாங்க."

"இனி இதுல ஒண்ணும் முளைக்காதே அக்கா."

"முளைக்காது."

"உங்க அடுப்படியே போயிடுச்சு. அவர்கிட்ட உள்ளதைச் சொல்லியிருந்தா உங்களுக்கு முதல்ல கட்டிக் குடுத்திருப்பாங்க. எதுக்கு இதெல்லாம்?"

அவள் நிமிர்ந்தாள். "சிமெண்டு பூசினது நீ. வீடு என்னடா பாவம் பண்ணுச்சு?"

எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் நானே வந்து தூக்கியிருப்பேனே, உங்கள் கை இப்படி ஆகியிருக்காதே என்று சொன்னேன். வேலிக்கு வெளியே நின்றபடிதான் சொன்னேன். எங்கள் வீட்டு ஆண்கள் யாரும் அந்த வேலியைத் தாண்டியதில்லை.

அவள் கேலி செய்யவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாள்.

"வந்திருப்பியா?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"மாட்டேன்க்கா."

"தெரியும்," என்றாள் தகிய்யா. குனிந்து, துருத்திக்கொண்டிருந்த பாளத்தின் ஒரு முனையைப் பிடித்தாள். "சரி, இப்ப வா. அந்தப் பக்கம் பிடி."